ஏழு பறவைக்கும் ஒரே கால்

ஊசி என்ற பெயரை அவளுக்கு வைத்தவன் அவளுடைய அண்ணன். சின்ன வயதில் ஒல்லியாக இருந்தாள் என்பதற்காக வைத்தது. பிறகு அவள் நிஜமாகவே ஊசி பிடித்துப் பிழைக்கத் தொடங்கியதும் தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. யாரும் அதைத் தொந்தரவு செய்யவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடியில் அவளுடைய ஒற்றை அறை. ஜன்னலை ஒட்டி மேசை. மேசைமேல் மணிகள் உருண்டு ஓடாமலிருக்க வெல்வெட் துணி ஒட்டிய ஒரு தட்டு. மருந்துக்கடையில் கெஞ்சி வாங்கிய மாத்திரை டப்பாக்களில் பாசிமணிகள், கடுகை விடச் சின்னவை, நிறம் நிறமாக. எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் நாலு மணி தரையில் சிந்தத்தான் செய்யும். உள்ளே வருகிறவர்கள் செருப்பைக் கழற்றினால் காலில் மணி குத்தும். கழற்றாவிட்டால் ஊசியின் பார்வை குத்தும். வருகிறவர்களே அபூர்வம் என்பதால் இது பெரிய பிரச்சினையாக இல்லை.

பகலில் ஒரு தையல் கூடத்துக்காகக் கல்யாண உடைகளில் மணி வைத்துத் தைத்துக் கொடுத்தாள். அது வயிற்றுக்கு. மிச்ச நேரத்தில் அவள் செய்தது பறவைகள். கழுத்தில் அணிகிற பறவைகள். நகை என்றும் சொல்ல முடியாது, உடை என்றும் சொல்ல முடியாது. பறவையின் தலை, அணிகிறவரின் இடது கழுத்தெலும்பின்மேல் சாய்ந்திருக்கும். சிறகுகள் இரண்டு தோளையும் மூடும். வால் முதுகில் இறங்கும். கால்கள் மார்பின்மேல் தொங்கும். ஒரு பறவைக்கு முப்பதாயிரம் மணிக்குக் குறையாது. ஏறத்தாழ ஒரு வருஷ வேலை. ஒன்பது வருஷத்தில் ஏழு முடித்திருந்தாள்.

அவள் அந்த ஊரைத் தாண்டிப் போனதில்லை. பறவைகளைப் பார்த்தவன் அண்ணன். அவன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அவன் போன் வரும். எந்தக் கடல், எந்தத் துறைமுகம், மழையா வெயிலா என்று சொல்லிவிட்டு, கடைசியில் பறவைக்கு வருவான். சில வாரம் பறவை இருக்காது. இருக்கும் வாரத்தில் ஊசி காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து, அலகிலிருந்து வால் வரைக்கும் குறுக்கு விசாரணை செய்வாள். போலீஸ்காரன் தோற்றுப்போவான்.

இது தொடங்கிய விதம் இப்படி. ஊசிக்கு முப்பத்தோரு வயதாக இருக்கும்போது அவளுடைய ஆறு வயது மகள் பதினோரு நாள் காய்ச்சலில் கிடந்து இறந்துபோனாள். கணவன் இரண்டு மாதம் வீட்டில் இருந்தான். பிறகு, "உன் மூஞ்சியைப் பார்த்தா அவ மூஞ்சி வருது, என்னால முடியல" என்று சொல்லிவிட்டுத் தன் அக்கா வீட்டுக்குப் போனான். அவன் சட்டைகள் கொஞ்ச நாள் ஆணியில் தொங்கின. ஒருநாள் யாரோ வந்து அவற்றையும் வாங்கிக்கொண்டு போனார்கள். ஊசி சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் மனைவி வந்து வாயில் ஏதாவது ஊட்டிவிட்டுப் போவாள். அண்ணன் வரவில்லை, நடுக்கடலிலிருந்து எப்படி வருவான்? வாரம் ஒருமுறை போன் செய்தான். கடைக்காரர் மனைவி போனை ஊசியின் காதில் வைத்துப் பிடித்துக்கொள்வாள். அவன் பேசுவான், அழுவான், திட்டுவான். இவள் பக்கத்தில் சத்தமே இருக்காது.

மூன்றாவது மாதம், சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லாமல் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் சொன்னான்: "இன்னைக்கு ஒரு பறவை வந்து கப்பல் கம்பியில உட்கார்ந்துச்சு ஊசி. அப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல."

கடைக்காரர் மனைவி போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"கழுத்து என்ன நிறம்?" என்று ஊசி கேட்டாள்.

கடைக்காரர் மனைவி போனைக் கீழே போடப் பார்த்தாள். அதுதான் மூன்று மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. அடுத்த வாரம் அவள் எழுந்து மணி டப்பாக்களைத் திறந்தாள்.

முதல் பறவையை அவள் தனக்காகச் செய்தாள். அதைப் போட்டுக்கொண்டு ஒருநாள் கீழே தண்ணீர்க் குழாய்க்கு இறங்கியபோது, கண்ணாடி மாற்ற வந்திருந்த ஒரு அம்மாள் அவளை நிறுத்திப் பார்த்தாள். அந்த அம்மாள் நகரின் மறு பக்கத்தில் ஓர் ஓவியக்கூடம் நடத்துகிறவள். "இதை யார் செஞ்சது?" என்று கேட்டாள். "நான்தாங்க." "இன்னும் இருக்கா?" "இல்லைங்க, அண்ணன் பார்த்தாத்தான்." இந்தப் பதில் அந்த அம்மாளுக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. புரிந்த பிறகு விடவில்லை. எட்டு வருஷம் காத்திருந்து, ஏழு பறவைகளையும் ஒரே கூடத்தில் வைத்துக் காட்சி நடத்தினாள். ஒவ்வொன்றின் கீழும் ஓர் அட்டை: எந்தக் கடல், எந்த மாதம், என்ன நிறங்கள்.

முதல்நாள் நல்ல கூட்டம். அறிமுகமில்லாத பெண்கள் பறவைகளை அணிந்து பார்த்துக் கண்ணாடிமுன் நின்றார்கள். அணிந்தவுடன் ஒவ்வொருத்தியும் கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்வதை ஊசி கவனித்தாள். பறவையின் கனம் அப்படி. அது அவளுக்குப் பிடித்திருந்தது. ஓரத்தில் ஒரு நாற்காலியில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைபோல உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் ஒரு பெரியவர் வந்தார். தொப்பி, கழுத்தில் தொலைநோக்கி, சட்டை முழுக்கப் பை. ஒவ்வொரு அட்டையையும் இரண்டு முறை படித்தார். ஏழாவதுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு ஊசியிடம் வந்தார்.

"இதெல்லாம் நீங்க செஞ்சதாம்மா?"

"ஆமாங்க."

"கையா அது, என்னன்னு சொல்றது. ரொம்ப அழகு." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேட்டா மனசு சங்கடப்பட மாட்டீங்களே?"

"கேளுங்க."

"இது என்ன பறவை?"

"பேரு தெரியாதுங்க. எங்க அண்ணன் கப்பல்ல இருக்காரு. அவரு பார்த்ததைச் சொல்லுவாரு. நான் செய்வேன்."

"நாப்பது வருஷமா பறவை பார்க்கிறதுதான்மா எனக்கு வேலை. இந்த அட்டையில போட்டிருக்கிற கடல்ல பாதிக்குமேல நானே போயிருக்கேன். இப்படி ஒரு பறவை அங்க கிடையாது."

"நீங்க பார்க்காததா இருக்கும்."

"இருக்கலாம். ஒண்ணு இருக்கலாம், ரெண்டுகூட இருக்கலாம். ஏழும் எப்படிம்மா?"

பறவைக்காரர் விட்டிருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் தெரிந்தவர்களுக்கு அதைச் சொல்லாமல் போக முடியாது. அவர் அவளை மெல்ல எழுப்பி, ஒவ்வொரு பறவையாக அழைத்துப் போய்க் காட்டினார்.

"இந்தக் காலைப் பாருங்க. இதோட காலையும் பாருங்க. ஏழுக்கும் ஒரே கால். கடல் பறவைன்னா விரலுக்கு நடுவுல தோல் இருக்கணும். இது அப்படி இல்ல. மஞ்சள் செதில், உள்ளே மடங்கின விரல், கட்டையா ஒரு பின்விரல். இது கோழிக்கால்மா. அதுவும்..." அவர் நிறுத்திக்கொண்டார்.

"அதுவும்?"

"உயிரோட இருக்கிறது காலை இப்படி வெச்சுக்காது. இது தொங்கற கால்."

அந்த வாரம் முழுக்க ஊசி மணி தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு போன் அடித்தது. அண்ணன் காட்சி எப்படி நடந்தது என்று கேட்டான். நல்லா நடந்தது என்றாள். அவன் உற்சாகமாகிவிட்டான். எட்டாவதாக ஒரு பறவையைத் தொடங்கினான். அன்று அவள் காகிதம் எடுக்கவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். சிறகைச் சொல்லும்போது அவன் யோசித்தான். மார்பைச் சொல்லும்போது ஒரு நிறத்தைச் சொல்லி, பிறகு மாற்றினான். இத்தனை வருஷமும் இப்படித்தான் சொல்லியிருக்கிறான். அவள் அதை ஞாபகப்படுத்திப் பார்க்கிறான் என்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கால் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

யோசிக்கவே இல்லை அவன். "மஞ்சள். செதில் செதிலா. விரல் உள்பக்கமா மடங்கி, நகம் தேஞ்சு, கணுக்கிட்ட லேசா சிவந்து போய்."

"சரி" என்று போனை வைத்தாள்.

வருஷத்துக்கு ஒருமுறை அவன் மணிகள் அனுப்புவான். பார்சலின்மேல் அனுப்புநர் முகவரி எப்போதும் ஒன்றுதான். கப்பல் கம்பெனியின் அலுவலகம் அது என்று சொல்லியிருந்தான். பழைய அட்டைப்பெட்டி ஒன்றிலிருந்து அதைக் கிழித்தெடுத்துக் கண்ணாடிக்கடைக்காரரிடம் காட்டினாள். அவர் விசாரித்துச் சொன்னார்: "இது துறைமுகமே இல்லம்மா. கடலுக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமே கிடையாது. ரயில்ல ரெண்டு நாள்."

நாற்பது வயதில் ஊசி தன் முதல் பயணத்துக்குக் கிளம்பினாள். ஒரு மாற்றுடை, தண்ணீர்ப் பாட்டில், ரொட்டி. முதல் பறவையை ஓவியக்கூடத்து அம்மாளிடமிருந்து கேட்டு வாங்கி, கழுத்தில் போட்டுக்கொண்டு, மேலே சால்வையைச் சுற்றினாள். நடு வழியில் புழுக்கம் தாங்காமல் சால்வையை எடுத்தபோது எதிர் இருக்கைப் பெண் வாயைப் பிளந்தாள். "ஒரு நிமிஷம் போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். அவள் போட்டுக்கொண்டு முகம் கழுவும் இடத்துக் கண்ணாடிக்குப் போனாள். திரும்பி வரும்போது பின்னால் இன்னும் மூன்று பெண்கள் வரிசையில் வந்தார்கள். பெட்டி முழுக்கப் பேச்சு. "எந்த நாட்டுப் பறவைங்க இது?" என்று ஒருத்தி கேட்டாள். ஊசி ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். வெளியே மின்கம்பிகளில் நிஜமான பறவைகள் உட்கார்ந்திருந்தன. சாம்பல், பழுப்பு, அழுக்குக் கறுப்பு. ரயில் ஓடுகிற வேகத்தில் அவற்றின் கால்கள் தெரியவில்லை.

முகவரியில் இருந்தது ஒரு தங்கும் விடுதி. நீளமான தாழ்வாரம், இரண்டு பக்கமும் கதவுகள், எல்லாக் கதவுக்கும் வெளியே ரப்பர் பூட்ஸ். வாசலில் உட்கார்ந்திருந்த மேற்பார்வையாளரிடம் அண்ணனின் பெயரைச் சொன்னாள்.

"கப்பல்காரரா?" என்று அவர் சிரித்தார். "அவரை இங்க அப்படித்தான் கூப்பிடுவோம். எப்பவோ கப்பல்ல இருந்தாராம். ஷிப்ட்டுக்குப் போயிருக்காரும்மா. ரெண்டு மணிக்கு விடுவாங்க. கோழிக் கம்பெனி வாசல்ல நின்னா பார்க்கலாம்."

"எத்தனை வருஷமா இங்க இருக்காரு?"

"நான் வந்ததே ஆறு வருஷம். எனக்கு முன்னாடியே இருக்காரு."

கோழிக் கம்பெனி ஊருக்கு வெளியே, ஜன்னல் இல்லாத நீளமான தகரக் கட்டடம். உள்ளே போகிற லாரிகளில் கூண்டுக்குமேல் கூண்டாகக் கோழிகள். வெளியே வருகிற லாரிகளில் குளிர் புகை. காற்றில் சுடுதண்ணீரும் நனைந்த இறகும் கலந்த ஒரு நாற்றம். ஊசி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சங்கு ஊதியது. ஆட்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். அண்ணனை அவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவள் மனசில் இருந்த அண்ணன் கறுத்து, திடமாக, கடல் காற்றில் நிற்கிறவன். வந்தவன் வெயிலே படாத வெளிர்ந்த முகமும் கூன் விழுந்த முதுகுமாக, கைகளை உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு நடந்தான்.

அவன்தான் அவளை முதலில் பார்த்தான். அவளைக்கூட இல்லை, அவள் கழுத்தில் இருந்ததைப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"ஊசி" என்றான்.

அவள் ஆயிரம் கேள்வி தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். "சாப்பிட்டியா?" என்றுதான் வந்தது.

அவன் அவளை விடுதிக்குக் கூட்டிப் போனான். அவன் அறையில் ஒரு கட்டில், ஒரு பெட்டி, ஒரு நாற்காலி. கட்டிலுக்கு மேலே சுவரில் பெயின்ட் கம்பெனியின் நிறப் பட்டியல் ஒட்டியிருந்தது. சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர். ஊசி கிட்டே போய்ப் படித்தாள். பழுத்த மாதுளை. ஈர மணல். விடியல் ஊதா. தேன் பூசிய தந்தம். ஒவ்வொரு பெயரும் அவன் போனில் சொன்னது, அவளுக்கு மனப்பாடம். அந்தந்த நிறத்துக்குப் பக்கத்து நிறமாவது கிடைக்க வேண்டுமென்று மூன்று கடைகள் ஏறி இறங்கியிருக்கிறாள்.

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். "முதுகு போச்சு" என்று ஆரம்பித்தான். "கப்பல்ல ஏறி ஏழாவது மாசம். கிடங்குல மூட்டை சரிஞ்சு மேல விழுந்துருச்சு. அடுத்த துறைமுகத்துல ஆஸ்பத்திரியில இறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்க. எழுந்து நடக்க அஞ்சு மாசம். அதுக்கப்புறம் கிடைச்ச வேலை இதுதான். உயிரோட வர்ற கோழியைக் காலைப் பிடிச்சுக் கொக்கியில மாட்டணும். நிமிஷத்துக்கு இருபத்திரண்டு."

"உள்ளே எல்லாம் நீல வெளிச்சம்" என்றான் சற்றுப் பொறுத்து. "நீல வெளிச்சத்துல கோழிக்குப் பயம் வராதாம். நமக்கு அப்படி எதுவும் ஏற்பாடு இல்ல."

"சொல்லியிருக்கலாம்ல."

"என்னன்னு சொல்ல? உனக்கு நான் எதையாவது சொல்லணும்னா பார்த்தாகணும். நான் பார்க்கிறது ஒண்ணே ஒண்ணுதான். அதோட காலு."

ஊசி நாற்காலியில் உட்கார்ந்தாள். ரயிலில் வரும்போதே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள், ஆறு பொய்யாக இருக்கட்டும் என்று. "முதல் பறவையாவது?" என்று கேட்டாள். "கம்பியில வந்து உட்கார்ந்துச்சுன்னு சொன்னியே."

அண்ணன் தலையை ஆட்டினான். "அப்போ ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன். குழந்தை போன சேதி வந்தப்போ நான் திரும்பிப் படுக்கக்கூட முடியாம கிடக்கேன். வரலைன்னு நீ நினைப்பியேன்னு கப்பல்ல இருக்கேன்னு சொல்லிட்டேன். அப்புறம் நீ பேசவே மாட்டேன்னுட்ட. எதையாவது சொல்லணுமேன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ கழுத்து என்ன நிறம்னு கேட்டே. எதிர்ச் சுவர்ல இந்தப் பட்டியல்தான் இருந்துச்சு, பெயின்ட் அடிக்க வந்தவங்க ஒட்டிட்டுப் போனது. கிளம்பறப்போ கேட்டு எடுத்துக்கிட்டேன். காலைப் பத்தி நீ கேட்கிறப்போ இந்த வேலையில சேர்ந்துட்டேன்."

"அதுக்கப்புறம் வந்திருக்கலாம். ரெண்டு நாள் தூரம்தானே அண்ணா. ஒன்பது வருஷமா ரெண்டு நாள் தூரத்துல இருந்திருக்கே."

"வந்து உன் முன்னாடி நின்னா கப்பல் இல்லைன்னு தெரிஞ்சிடும். கப்பல் இல்லைன்னா பறவை இல்ல. திரும்ப நீ சுவரைப் பார்த்துப் படுத்துட்டா?"

அவன் சொன்னது சரியாகவும் இருக்கலாம் என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. கோபப்படலாம் என்று வந்தவளுக்குக் கோபப்படவும் இடமில்லாமல் போயிற்று.

அவன் கையை நீட்டி அவள் கழுத்திலிருந்த பறவையைத் தொட்டான். போட்டோவில் பார்த்ததோடு சரி. இன்றுதான் நேரில் பார்க்கிறான். விரல்கள் எதையோ பிடித்திருப்பதுபோலப் பாதி மடங்கியே இருந்தன. மணிவரிசைமேல் அவற்றை மேலும் கீழும் தேய்த்தான்.

"வழவழன்னு இருக்கா ஊசி, சொரசொரன்னு இருக்கா?"

"ஏன், தெரியலையா?"

"ரெண்டு வருஷமாச்சு, விரல்ல எதுவும் தெரியறதில்ல. நரம்பு செத்துப் போச்சுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காரு. இந்த மாசத்தோட நிறுத்திடுவாங்க."

"வழவழன்னுதான் இருக்கு" என்று சொல்லி அவள் அதைக் கழற்றி அவன் மடியில் வைத்தாள்.

அந்த மாதம் முடிந்ததும் அவனைத் தன் அறைக்குக் கூட்டி வந்தாள். கட்டிலை அவனுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் பாய் விரித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு இருவரும் அறையில்தான் இருந்தார்கள். அவள் மேசையில், அவன் கட்டிலில். போன் ஜன்னல் திண்டில் கிடந்தது.

ஓவியக்கூடத்து அம்மாள் வந்தாள். அவளிடம் ஊசி எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மாள் கெட்டவள் அல்ல. "அதனால என்னம்மா? பறவை நிஜமா பொய்யான்னு யாருக்குக் கவலை? அட்டையை மாத்திட்டாப் போச்சு. கற்பனைப் பறவைகள்னு போட்டுக்கலாம். எட்டாவதை ஆரம்பிங்க" என்றாள்.

ஊசி ஆரம்பித்தும் பார்த்தாள். அலகு வந்தது. கழுத்து பாதி வந்தது. எந்த நிறத்தை எடுத்தாலும் கட்டமும் அதன் கீழே பெயரும் கண்ணில் வந்து நின்றன. சரி, காலிலிருந்து தொடங்கலாம் என்று மஞ்சள் டப்பாவைத் திறந்தாள், மூடினாள். பிரித்து மணிகளை டப்பாக்களில் போட்டுவிட்டாள்.

பறவைக்காரருக்கு மனசு உறுத்தியிருக்க வேண்டும். கண்ணாடிக்கடை வழியாக விசாரித்துக்கொண்டு ஒருநாள் வந்தார். ஊருக்கு வெளியே சதுப்பு நிலம் ஒன்று இருக்கிறது, இந்தப் பருவத்தில் வெகுதூரத்திலிருந்து பறவைகள் வந்து இறங்கும், இரண்டு பேரையும் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்றார். "உண்மையானதைப் பார்த்துச் செய்யுங்கம்மா. உங்க கைக்கு அதுதான் நியாயம்."

காலை எட்டு மணிக்கு அவர் காரில் போய் இறங்கினார்கள். வெயில் இதமாக இருந்தது. நாணலுக்கு நடுவே தண்ணீர் தகடுபோலக் கிடந்தது. அதன்மேல் நூற்றுக்கணக்கில் பறவைகள். வெள்ளை, இளஞ்சிவப்பு, நெற்றியில் கறுப்புக் கீற்று இழுத்தவை. ஒரு கூட்டம் எழுந்து, வானத்தில் ஒரு சுற்று வந்து, மறுபடி இறங்கியது. ஊசிக்கு இத்தனை நாள் மணியில் கட்டிப் போட்டது எதுவும் இது இல்லை என்று தோன்றியது. ஒரு நிமிஷம், முழுதாக ஒரு நிமிஷம், செய்துவிடலாம் என்றும் தோன்றியது. அண்ணனின் தோளைத் தொட்டாள். தொலைநோக்கியை அவன் கண்ணில் வைத்து, விழாமல் தானே பிடித்துக்கொண்டாள்.

"தெரியுதா அண்ணா?"

"ம்."

"எப்படி இருக்கு, சொல்லு."

அவன் வெகுநேரம் பார்த்தான். பறவைக்காரர்கூட ஆவலாகப் பக்கத்தில் வந்தார்.

"ரெண்டே கால் கிலோ இருக்கும்" என்றான் அண்ணன். "அந்த வெள்ளை மூணு கிலோ. கால் நீளம், கொக்கியில நிக்காது."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்குப் புரிந்தது. தொலைநோக்கியிலிருந்து முகத்தை எடுத்தான். "எனக்கு வேற மாதிரி பார்க்க வரல ஊசி" என்றான். காருக்குப் போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

ஊசி மீண்டும் தண்ணீரைப் பார்த்தாள். இப்போது அவளுக்கும் கால்கள் மட்டுமே தெரிந்தன. நூறு ஜோடி கால்கள், அத்தனையும் தலைகீழாக. பறவைக்காரர் என்னென்னவோ பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனம் நோகக் கூடாதென்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். திரும்பும்போது அவர் ஒரு படப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்தார். அதை அவள் தையல் கூடத்துப் பெண் ஒருத்தியின் மகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

ஓவியக்கூடத்து அம்மாள் அட்டைகளை மாற்றிவிட்டு, பறவைகளை வேறு ஒரு நகரத்துக் காட்சிக்குக் கொண்டுபோனாள். அங்கேயும் நல்ல கூட்டம் என்று எழுதியிருந்தாள். எட்டாவதைப் பற்றி இரண்டு முறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

ஊசி இப்போது செருப்புக் கம்பெனி ஒன்றுக்குப் பட்டைகளில் மணி தைத்துக் கொடுக்கிறாள். எல்லாப் பட்டைக்கும் ஒரே கோலம்: நடுவில் ஒரு பூ, இரண்டு பக்கமும் மூன்று இலைகள். கண்ணை மூடிக்கொண்டும் தைக்கலாம். அண்ணனைக் கண்ணாடிக்கடைக்காரர் தன் வாசலில் உட்கார வைத்திருக்கிறார். வருகிறவர்களை வரிசையாக உள்ளே அனுப்புகிற வேலை. கையால் செய்ய எதுவும் இல்லை. காலையில் அவன் சட்டைக்கு ஊசிதான் பொத்தான் போட்டுவிடுகிறாள். ஆறு மணிக்குக் கடை சாத்தியதும் மேலே வருகிறான். அவள் பிசைந்து வைத்ததைக் கரண்டியால் சாப்பிடுகிறான்.

போன வாரம் ஒருநாள், சாப்பிட்டு முடித்து, அவன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "மழை வரும்போல இருக்கு" என்றான்.

"துணியெல்லாம் எடுத்துட்டேன்" என்றாள் அவள்.

"அப்போ சரி" என்று அவன் கட்டிலில் சாய்ந்தான். ஊசி அடுத்த பட்டையை எடுத்தாள்.